கொல்லைத் தோட்டமும் நான் செய்த தவறுகளும்

(திருவனந்தபுரத்தில் நமது சபைக் கிளையின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "வீட்டுத் தோட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசணும்" என்றார். "எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் செய்த தவறுகள்தான்" என்றேன். "அதுதான் வேணும். சரியாகச் செய்வது எப்படி என்று சொல்லப் புஸ்தகங்கள் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஆகவே உபதேசம் எதுவும் செய்யப் போவதில்லை. என் தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகத் தோட்டம் போட நினைப்பவர்கள் அவற்றைத் திரும்பச் செய்யாமல் இருந்தால் அதுவே எனக்கு சந்தோஷம்.

எங்கள் பூர்வீக அகம் கரமனையில். அக்ரஹாரத்து வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முன்னால் குறுகல், உள்ளே நீளம், கடைசியில் கொல்லை. என் அம்மா இருந்த காலத்தில் அந்தக் கொல்லையில் நந்தியாவட்டை, பவழமல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை, இரண்டு வாழை, ஒரு பாகல் பந்தல், சுவரோரம் பிரண்டை, நடுவில் கிணறு எல்லாம் இருந்தன. அம்மா எந்தப் புஸ்தகமும் படித்துத் தோட்டம் போட்டதாக நினைவில்லை.

நான் உத்தியோக நிமித்தமாக முப்பது வருஷங்களுக்கு மேல் பல ஊர்களில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பினேன். அதற்குள் அம்மா போய்விட்டாள். வந்தவுடன் நான் செய்த முதல் காரியம், கொல்லை முழுவதும் சிமெண்ட் போட்டதுதான்.

இதுதான் என் முதல் தவறு. காரணம் இல்லாமல் செய்யவில்லை. இங்கே இடவப்பாதியில் ஜூன் மாதம் ஒரு மழை, துலாவர்ஷத்தில் ஐப்பசியில் இன்னொரு மழை. கொல்லையில் பாசி பிடித்து வழுக்கும். இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு என்னாவது என்ற பயம். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு சதுர அடி மண்ணை விட்டு, மீதி எல்லாவற்றையும் பூசிவிட்டேன். முற்றம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அடுத்த மழையில் விழுந்த தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடைக்குப் போயிற்று. அதற்கடுத்த கோடையில் கிணற்றில் வாளி தரை தட்டியது. கறிவேப்பிலை காய்ந்து போனது.

அந்த வருஷம் அம்மாவின் ச்ராத்தத்திற்கு என் அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்கும் பிறந்தகம் அந்தப் பக்கம்தான். ச்ராத்தத்தன்று பிரண்டைத் துவையல் இல்லாமல் எங்களுக்கு ஆகாது. முதல் நாள் சாயங்காலம் சாலைக் கடைத்தெரு முழுவதும் அலைந்தேன். வாழைக்காய் கிடைத்தது, பாகற்காய் கிடைத்தது, பிரண்டை கிடைக்கவில்லை. கடைசியில் வலியசாலையில் ஒரு மாமி தன் வீட்டு மதிலிலிருந்து கிள்ளிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அக்கா சொன்னாள்: "அம்மா தன் கையால வெச்ச பிரண்டை இருந்த இடத்துல சிமெண்டைப் போட்டுட்டு, அம்மா ச்ராத்தத்துக்கு ஊரெல்லாம் பிரண்டை தேடறயேடா." கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுவாரமே தோட்டம் போடுவது என்று தீர்மானித்தேன். சிமெண்டை உடைக்க மனசு வரவில்லை. செலவு செய்து போட்டது இல்லையா? ஆகவே மொட்டை மாடிக்குப் போனேன். இரண்டாவது தவறு அங்கே ஆரம்பம். ஒரே நாளில் நாற்பது குரோ பேக்குகள் வாங்கி, மண் நிரப்பி, ஹாலுக்கு மேலே ஒரே ஓரத்தில் வரிசையாக வைத்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து லிட்டர் பிடிக்கும் ஒரு பை, மண்ணும் எருவும் தண்ணீரும் சேர்ந்தால் சுமார் 20 கிலோ கனம். நாற்பது பை என்றால் 800 கிலோ. ஒரு மாருதி 800 காரைத் தூக்கி மாடியில் நிறுத்தினால்கூட அவ்வளவு கனம் வராது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிகளுக்கு, நமது நாட்டுக் கட்டட விதிகள் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் பாரம் கணக்கிடச் சொல்கின்றன. எங்கள் பின்கட்டுக் கான்கிரீட்டோ பழையது. மூன்றாவது மாதம் ஹால் கூரையில் ஈரம் தெரிந்தது. பைகளை நேரடியாகத் தளத்தில் வைக்கக் கூடாது. செங்கல் மேல் வைத்து அடியில் காற்றும் தண்ணீரும் போக வழி விட வேண்டும். கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் இடமாகப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். பழைய கட்டடமானால் ஓர் இன்ஜினியரைக் கேட்டுக்கொள்வது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து பைகளில் ஆரம்பிக்க வேண்டும். ஐந்தைக் காப்பாற்றத் தெரிந்த பிறகு ஆறாவது.

மூன்றாவது தவறு, மண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் விதையைப் பற்றி மட்டும் யோசித்தது. கேரளத்து மண் பெரும்பாலும் செம்புரை மண். மழை அடித்து அடித்துச் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய்ப் புளிப்பேறிய மண். இந்த மண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் வேரால் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் சுண்ணாம்புத் தூள். இங்கே கும்மாயம் என்பார்கள். ஒரு சென்ட் நிலத்துக்கு இரண்டு, மூன்று கிலோ கலந்து, நனைத்து, இரண்டு வாரம் சும்மா விட வேண்டும். அதன் பிறகுதான் எரு. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவிலுள்ள தழைச்சத்து வாயுவாகப் பறந்து போய்விடும். நான் ஒரே நாளில்தான் போட்டேன். அவசரம்!

இன்னொன்று, தென்னை நார்த் துகள் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று கழுவாமல் கலந்துவிட்டேன். அதில் உப்பும் துவர்ப்பும் உண்டு. இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் உபயோகிக்க வேண்டும். மண்ணைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இல்லை. கேரளத்தில் 1987 முதல் ஊருக்கு ஊர் கிருஷி பவன் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி வெள்ளாயணியில் இருக்கிறது. கரமனையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. நான் நடந்து போகும் தூரம். கேட்கத்தான் போகவில்லை.

நான்காவது, ஊருக்கு ஏற்ற விதையைப் பார்க்காதது. வேறு ஊரிலிருந்து நல்ல தக்காளி விதை வரவழைத்தேன். செடி செழிப்பாக வளர்ந்தது, பூவும் விட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பச்சை இலையோடு தலை தொங்கிக் கிடந்தது. தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் விட்டேன். இரண்டு நாளில் போய்விட்டது. ஒரு வாரத்தில் பக்கத்துச் செடிகளும் போயின. இது பாக்டீரியா வாடல் நோய். இந்தப் பக்கத்துப் புளிப்பு மண்ணிலும் ஈரத்திலும் தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றுக்கும் இதுதான் யமன். நோய் இதுதானா என்று தெரிந்துகொள்ளத் தண்டை அறுத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் அதுதான். மருந்து தேடிப் பிரயோஜனமில்லை. செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்த மண்ணில் இந்த மூன்றையும் சில காலம் வைக்காமல் இருக்க வேண்டும்.

கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த நோயைத் தாங்கும் ரகங்களையே கொடுத்திருக்கிறது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. கத்திரியில் சூர்யா, ஹரிதா. மிளகாயில் உஜ்வலா. கடைக்காரர் அட்டைப் படத்தைக் காட்டினால் மயங்காதீர்கள். ரகத்தின் பெயரைக் கேளுங்கள்.

ஐந்தாவது தவறு தண்ணீர். தாகத்தால் போன செடிகளைவிட, என் பாசத்தால் போன செடிகள் அதிகம். காலையிலும் மாலையிலும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு அபிஷேகம் செய்தேன். வேருக்கும் மூச்சு வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தண்ணீரை இலை மேல் பீச்சுவதும் தப்பு. சிவப்புத் தண்டுக்கீரை போட்டிருந்தேன். 'அருண்' என்ற ரகம், பார்க்க அழகாக இருக்கும். மழைக்காலத்தில் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து வாயில் வைக்க முடியாமல் ஆயிற்று. தண்ணீர் தெறிக்கத் தெறிக்க நோய் பரவும்.

இதற்குச் சொல்லப்படும் பரிகாரம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. சிவப்புக் கீரைக்கு நடுவே 'கோ-1' என்ற பச்சைக் கீரையைக் கலந்து விதைக்க வேண்டும். பச்சைக்கு அந்த நோய் அவ்வளவாக வராது. அது நடுவில் நின்றால் சிவப்பிலும் நோய் பரவுவது குறையும். கோ-1 நம் கோயம்புத்தூர்ச் சரக்கு. தமிழ்நாட்டுக் கீரை கேரளத்துக் கீரையைக் காப்பாற்றுகிறது. நம்மைப் போல இரண்டு ஊருக்கும் பொதுவானவர்கள் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்!

கீரை விதைக்கும்போது இன்னொரு சூட்சுமம். விதை போட்ட மறுநாளே எறும்பு வரிசையாக வந்து எடுத்துப் போய்விடும். விதையோடு கொஞ்சம் ரவையைக் கலந்து தூவுங்கள். எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பிக்கும். இதை எனக்குச் சொன்னது என் ஆத்துக்காரி. உப்புமாவுக்கு வைத்திருந்த ரவையைக் கொடுத்ததும் அவள்தான்.

ஆறாவது, எருவில் பேராசை. பச்சைச் சாணத்தை அப்படியே வேரில் போட்டேன். அது மக்கும்போது கிளம்பும் சூட்டில் வேர் வெந்துபோகும், புழுவும் வைக்கும். சாணம் நன்றாக உலர்ந்து மக்கியிருக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்த தண்ணீர் அருமையான உரம்தான். ஆனால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளிய விட்டு ஊற்ற வேண்டும். நான் கெட்டியாக ஊற்றினேன். செடியும் போயிற்று, நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சுவார்த்தையும் கொஞ்ச நாள் நின்று போயிற்று.

ஏழாவது, பூச்சியைக் கண்டதும் மருந்து. அகத்துக் காயில் விஷம் வேண்டாம் என்றுதானே தோட்டம் போடுகிறோம்? காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த எண்டோசல்பானால் அங்கே ஜனங்கள் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. 2011-இல் சுப்ரீம் கோர்ட் அதைத் தடை செய்தது. ஐந்து கிராம் பார் சோப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 20 மில்லி வேப்பெண்ணெயை நன்றாக அடித்துக் கலந்து, 20 கிராம் பூண்டை அரைத்துப் பிழிந்த சாற்றைச் சேர்த்து வடிகட்டுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். அன்றன்றைக்குச் செய்து அன்றே உபயோகிக்க வேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, பிறகு அழகான பட்டாம்பூச்சியாகும். மரம் பெரியதானால் ஒன்றிரண்டை விட்டுவிடலாம். மழைக்காலத்தில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். ராத்திரி ஈரச் சாக்கில் பப்பாளி இலையை வைத்தால் வந்து கூடும். காலையில் கையுறை போட்டு எடுத்துவிடலாம். கீரையையும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

எட்டாவது தவறு சின்னதாகத் தோன்றும், ஆனால் அதுதான் ஆபத்தானது. தரை கறைபடாமல் இருக்கத் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்தேன். தட்டில் தண்ணீர் நின்றது. டெங்குக் கொசு தேடுவது இந்த மாதிரித் தெளிந்த தண்ணீரைத்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். 2017-இல் கேரளத்தில் டெங்கு பரவியபோது திருவனந்தபுரம் ஜில்லாதான் மிகவும் கஷ்டப்பட்டது. எங்கள் தெருவிலும் காய்ச்சல் வந்தது. நகராட்சி ஊழியர் வந்து என் தட்டுகளைக் கவிழ்த்துக் காட்டியபோது, உள்ளே புழு நெளிந்தது. வெட்கமாக இருந்தது. தட்டு வேண்டாம். வைத்தே தீரவேண்டுமானால் வாரம் ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்த பிறகும் உயிரோடிருக்கும்.

இந்த உரையைப் பத்திரிகையில் படிக்கப் போகும் வெளியூர் அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே சொன்ன சுண்ணாம்பும் ரகங்களும் கேரளத்துக்கு. உங்கள் ஊர் மண் வேறு, மழை வேறு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழ்நாட்டுக்குச் சரி. சென்னையில் இருப்பவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பாருங்கள். டில்லியில் வெந்தயக்கீரை, பாலக், முள்ளங்கிக்கு அக்டோபர் நல்லது. மே மாதம் கீரை போட்டுவிட்டு அழக்கூடாது. மும்பையிலும் பெங்களூரிலும் ஃப்ளாட்டில் இருப்பவர்கள், விதை வாங்குவதற்கு முன் ஒரு நாள் பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று எழுதி வையுங்கள். ஆறு மணி நேரம் இருந்தால் தக்காளி, வெண்டை. மூன்று நாலு மணி நேரமானால் கீரை, புதினா, கொத்தமல்லி. அதுவும் இல்லையென்றால் வருத்தப்படாமல் மணி பிளாண்ட் வைத்துக்கொள்ளலாம். கீழ் வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்டாமல் இருந்தால் சரி.

நாற்பது பைகளில் கடைசியில் பிழைத்தவை ஏழு. ஒரு நாள் மாடியில் உட்கார்ந்து புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் ஆத்துக்காரி கேட்டாள்: "ஏன்னா, அம்மா தினம் கார்த்தால பூஜைக்குப் பூப்பறிக்கக் கொல்லைக்குப் போவாளே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு செடிகிட்டேயும் நிப்பா. நீங்க மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து புஸ்தகத்தைப் பார்க்கறேள். செடியைப் பார்க்கறேளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா தோட்ட வேலை என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. தினம் கால் மணி நேரம் பூப்பறித்தாள். பறிக்கும்போதே பழுத்த இலையைக் கிள்ளினாள், பூச்சி வந்த முதல் நாளே பார்த்தாள், மண் காய்ந்திருந்தால் ஒரு குடம் விட்டாள். நாற்பது பையோ நாலு பையோ, தினமும் போய்ப் பார்க்காததுதான் என் எட்டுத் தவறுகளுக்கும் அடியில் இருந்த தவறு. பூக்கடைக்காரர் வாசலில் பூ கொடுத்துவிட்டுப் போகும் இந்தக் காலத்தில், கொல்லைக்குப் போக நமக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஆகவே புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ஒரு நந்தியாவட்டையோ செம்பருத்தியோ வையுங்கள். தினம் நாலு பூப்பறிக்கப் போகும்போது மற்றச் செடிகளையும் பார்த்துவிடுவீர்கள்.

பிறகு ஆளைக் கூப்பிட்டுச் சிமெண்டை உடைத்தேன். நடந்து போக இரண்டடி அகலத்தில் ஒரு பாதையை மட்டும் விட்டேன். விழுந்துவிடுவோம் என்ற பயத்துக்கு அது போதும். அடியில் மண் கல் மாதிரி இறுகியிருந்தது. கொத்தி, காய்ந்த சருகும் மக்கிய சாணமும் போட்டு, முதல் போகம் பயறு மட்டும் விதைத்தேன். பயறு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். அதற்குப் பிறகுதான் வாழை, கறிவேப்பிலை, பாகல். வலியசாலை மாமியிடம் போய்க் கணுவோடு ஒரு சாண் பிரண்டை கேட்டு வாங்கி வந்து, சுவரோரம் அதே இடத்தில் ஊன்றினேன். இரண்டாவது கோடையில் கிணற்றில் வாளி தரை தட்டவில்லை.

போன வருஷம் ச்ராத்தத்திற்கு வாழைக்காய், பாகற்காய், கறிவேப்பிலை, இலை எல்லாம் கொல்லையிலிருந்தே வந்தன. அக்காவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் தானே மெதுவாகக் கொல்லைக்கு நடந்து போய்ப் பிரண்டையைக் கிள்ளி எடுத்து வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும்போது மட்டும் இரண்டு கணுவை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கூடையில் பிரண்டைத் துண்டுகள் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கை அரிக்கும், ஜாக்கிரதை. தொட்டியிலும் வரும். தினம் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.